பதினாலாவது சாம்பிள்

சுற்றிக்கொண்டிருந்த தட்டின் மேல் என் போனை வைத்தேன். வைத்த பிறகுதான், இது எகிறி விழுந்து உடைந்தால் என் மனைவி தேவிப்பிரியாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தோன்றியது. நல்லவேளை, விழவில்லை. ராட்டினத்தில் ஏற்றி விட்ட பிள்ளை மாதிரி சமர்த்தாகச் சுற்றியது. ரெக்கார்டு பிளேயரின் வேகத்தை அளக்கவென்றே ஒரு ஆப் இருக்கிறது என்று அன்று காலையில்தான் எனக்குத் தெரிய வந்தது, பல் தேய்க்கும்போதே இறக்கிவிட்டேன். திரையில் எண்கள் ஏறி இறங்கி, கடைசியில் ஓரிடத்தில் நின்றன. முப்பத்தொன்று புள்ளி ஒன்பது. நிமிடத்துக்கு முப்பத்துமூன்று புள்ளி மூன்று சுற்று இருக்க வேண்டும்.

சமையற்கட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே கேட்டாள். "ஏங்கண்ணு, எவ்வளவு காட்டுது?"

"இன்னும் காட்டலம்மா" என்றேன்.

பொய்தான். ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் இருபத்து மூன்று வருடச் சண்டை ஒன்று அந்த நிமிடமே முடிந்துபோயிருக்கும். அதை முடிக்கும் தைரியம் எனக்கு இல்லை.

விஷயம் இதுதான். அந்த ஜப்பான் செட்டை அப்பா நான் பிறப்பதற்கு முந்தின வருடம் வாங்கினார். பனியன் வாங்கத் திருப்பூரில் ஆபீஸ் போட்டிருந்த வெளிநாட்டு பையர் ஒருவர் ஊரைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போனது. நான் ஆறாம் வகுப்பு படிக்கையில் அதன் பெல்ட் இற்றுப்போய் அறுந்தது. மோட்டாரையும் தட்டையும் இணைக்கும் மெல்லிய ரப்பர் பட்டை. கோயம்புத்தூரில் விசாரித்தால் ஜப்பானிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். அப்பா சிரித்தார். எங்களுடையது ஜட்டிக்கு எலாஸ்டிக் வைத்துத் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட். கீழே பன்னிரண்டு மெஷின், மேலே வீடு. "ஊர்ல இருக்கறவன் இடுப்புக்கெல்லாம் எலாஸ்டிக் போட்டு உடறோம், ஒரு தட்டுக்குப் போட முடியாதா?" என்று கீழே இறங்கிப் போனார். பத்து நிமிடத்தில் இடுப்பு எலாஸ்டிக்கில் ஒரு வளையம் தைத்து எடுத்துக்கொண்டு வந்தார். மாட்டினார். வீட்டில் எப்போதும் போடும் பாட்டு ஓடியது. அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்றும் மறக்கவில்லை.

எலாஸ்டிக்கை ஒன்றன் மேல் ஒன்று வைத்துத் தைத்த இடம் மோட்டாரின் கப்பியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு 'டக்' கேட்கும். பாடுகிறவர் அந்த இடத்தில் லேசாகத் தடுக்கி, எழுந்து, மேலே பாடுவார். அதற்கு முன் கேட்டதெல்லாம் மறந்து, பாட்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தவன் நான். கல்லூரி விடுதியில் ஒருவன் அதே பாட்டைப் போட்டபோது உன் போனில் கோளாறு என்று அடித்துச் சொல்லி, அறையில் இருந்த ஆறு பேரிடமும் அசிங்கப்பட்டேன்.

அம்மா மட்டும் முதல் நாளிலிருந்தே ஒத்துக்கொள்ளவில்லை. அவள் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் இருபது வருடம் நின்றவள். அவள் பாஸ் பண்ணிய பீஸ் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. சொந்த அண்ணன் யூனிட்டிலிருந்து வந்த இருநூறு டஜனை ஒரே மூச்சில் ரிஜெக்ட் செய்து, அந்த வருடம் பொங்கலுக்கு அண்ணன் வீட்டில் இருந்து சீர் வராமல் செய்தவள். "ஏனுங்க, பாட்டு மெதுவா ஓடுது. எங்க கணியூர்ல ரேடியோவுல இத நூறு தடவ கேட்டிருக்கறன். இப்படி இழுக்காது" என்றாள். அதற்கு அப்பா, "ரேடியோக்காரன் நேரத்துக்கு நியூஸ் போடோணுமில்ல, அதான் வேகமா ஓட்டி உடறான்" என்றார். அவ்வளவுதான், ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொன்றிலும், தோசைக்கும் சட்னிக்கும் நடுவே, பாட்டு மெதுவா இல்லையா என்ற சண்டை எங்கள் வீட்டில் நடந்துகொண்டே இருந்தது. வேறு எந்தச் சண்டையும் அவர்களுக்குள் இவ்வளவு நாள் தாங்கியதில்லை.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. செட் எனக்கு வந்தது. வந்த நாளிலிருந்து எனக்குள் ஒரு பரபரப்பு. இப்போது இதற்கெல்லாம் ஒரு உலகமே இருக்கிறது. கோயம்புத்தூரில் குணா என்று ஒரு தம்பி பழைய செட்களைப் புதிதாக்கித் தருகிறான். போட்டோ அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டான். "அண்ணா, இதெல்லாம் இப்ப கெடைக்கவே கெடைக்காதுங்க. புது மோட்டார், வேகம் அசையாம நிக்கறதுக்கு ஒரு சர்க்யூட், ஒரிஜினல் ரப்பர் பெல்ட், புது ஊசி போட்டம்னா, பாடறவங்க உங்க ஹால்ல வந்து உக்காந்து பாடுவாங்க." ஒரு மாதமாக நான் இரவும் பகலும் வீடியோ பார்த்து, லோடு ஏற்றும் நேரத்திலும் மோட்டாரைப் பற்றியே பேசி, கட்டிங் மாஸ்டரே என்னைக் கண்டால் வேறு பக்கம் நடக்கும் நிலைக்கு வந்திருந்தேன். ஒரே ஒரு சிக்கல். புது மோட்டார் பெரியது. அதை உட்கார வைக்க அடிப்பலகையை வட்டமாக அறுக்க வேண்டும். "அறுத்தா அறுத்ததுதானுங்க. பழைய மோட்டார் திரும்ப உக்காராதுங்க" என்றான் குணா.

அதை மாற்றிவிட அம்மா துடித்துக்கொண்டிருந்தாள். மற்ற வீட்டு அம்மாக்கள் அவர் தொட்ட பொருளைத் தொடாதே என்று அழுவார்கள் என்று கேள்வி. என் அம்மா, "எப்ப வாறானாம் அந்தப் பையன்?" என்று தினமும் கேட்டாள். "மாத்திப் போடுறா. சரியா ஓடட்டும். நான் சொன்னது சரியா, அவிய சொன்னது சரியான்னு தெரிஞ்சு போகட்டும்."

தயங்கியது நான்தான். மாற்றினால், செத்துப்போன மனுஷனைப் பெற்ற மகனே தோற்கடித்த மாதிரி ஆகும். பதில் சொல்லக்கூட அவர் இல்லை. மாற்றாவிட்டால், இருபத்து மூன்று வருடம் சரியாகச் சொன்னவளிடம் இன்னொரு தடவை, நீ சொல்வது தப்பு என்று சொன்ன மாதிரி ஆகும். என் காது புதுச் செட்டுக்கு ஏங்கியது. மனசு அந்த 'டக்'கை விட மறுத்தது. தேவிப்பிரியாதான் சொன்னாள், "ஏனுங்க, உங்க மூணு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு அந்தப் பாடறவங்கதான் பாவம்."

நான் போனைச் சுற்ற விட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு குணா வந்தான். தெருவில் ஒரு மெஷின் சத்தம் இல்லை. ஞாயிறு காலையில் மட்டும்தான் எங்கள் தெருவில் காக்கை கத்துவது கேட்கும். பையிலிருந்து அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது எனக்குக் கை பரபரத்தது. பஞ்சு பொதிந்த பெட்டியில் மோட்டார். கறுத்து மின்னும் பெல்ட். நகக்கண் அளவு ஊசி. பலகையை அறுக்க ஒரு ட்ரில். அம்மா பழைய செக்கிங் டேபிளைத் துடைத்து, அதன் மேல் விளக்கைப் போட்டு, கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு நின்றாள். அப்பாவின் செட்டை அதன் மேல் தூக்கி வைத்தோம்.

குணா முதலில் ஊசியைத் தூக்கி லென்ஸில் பார்த்தான். "முழுசாத் தேஞ்சிருக்குதுங்க. இத வெச்சு ஓட்டுனா ரெக்கார்டே போயிரும்."

"அப்ப மொதல்ல அத மாத்துங்க தம்பி" என்றாள் அம்மா. "ஊசி தேஞ்சா துணி ஓட்டையாயிரும். அதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது?"

அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஊசி மாறியது. பிறகு குணா பலகையின் மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டான். அறுக்க வேண்டிய இடம். "அடி மூடியக் கழட்டிப் பாத்துக்கறனுங்க, ஒயர் எப்படிப் போகுதுன்னு" என்று செட்டைத் திருப்பி நாலு திருகாணிகளைக் கழற்றினான். மூடியைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

"அண்ணா, இது என்னங்க? துணிப் பார்சலாட்ட இருக்குது."

பாலிபேக் ஒன்று. நாங்கள் பீஸ் போடும் அதே பை. மடித்து, டேப் ஒட்டி, பலகையின் உள்பக்கம் செருகியிருந்தது. அதற்குள் சாம்பிள் டேக்குகள். ஒரு ஆர்டருக்கு முன் மாதிரி தைத்து, பையருக்கு அனுப்பி, அவர் சொல்லும் குறையை எழுதி வைக்கும் அட்டை. எங்கள் யூனிட்டில் அது ஆயிரக்கணக்கில் கிடக்கும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு எலாஸ்டிக் வளையம் ஸ்டேப்ளர் அடித்துத் தொங்கியது. அப்பாவின் கையெழுத்து.

நான் முதல் அட்டையை வாய் விட்டுப் படித்தேன்.

"சாம்பிள் நெம்பர் ஒண்ணு. எட்டு எம்எம். பையர்: பொன்னாத்தாள், கணியூர்."

தன் பெயரைக் கேட்டு அம்மா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டாள். "என்ன சொன்ன?"

"பையர் பொன்னாத்தாள், கணியூர். பையர் கமெண்ட்: மெதுவா ஓடுது. ஸ்டேட்டஸ்: ரிஜெக்ட்."

இரண்டாவது அட்டை. பையர் கமெண்ட்: பாடறவளுக்குக் காச்சல் வந்தாப்ல இருக்குது. ரிஜெக்ட். மூன்றாவது: எருமை தண்ணிக்குப் போறாப்ல போகுது. ரிஜெக்ட். ஆறாவதில் எலாஸ்டிக் கொஞ்சம் தடிமன், அதில்: இன்னைக்கு என்ன, பஸ்ஸப் புடிக்கவா ஓடறா? ரிஜெக்ட். எல்லாம் அம்மா சொன்னவை, சொன்ன சொல்லுக்குச் சொல். எனக்கு அப்போதுதான் புரிந்தது. வருடத்துக்கு ஒரு தடவையோ, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையோ, ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குப் பின்னால் இருந்து அப்பா பட்டும் படாமல் கேட்பார். "இன்னைக்கு எப்படிக் கேக்குது?" அம்மா தோசைக்கரண்டியோடு ஏதாவது சொல்வாள். "உன்ற காதுல கோளாறு" என்பார் அப்பா. அப்புறம் செட்டைத் துடைக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொள்வார். துடைக்கவே இல்லை. கமெண்ட் எழுதியிருக்கிறார்.

அம்மா மேஜையை ஓங்கித் தட்டினாள். குணாவின் ஊசிப் பெட்டி துள்ளி விழுந்தது.

"பாத்தியா! பாத்தியாடா தரணி! தெரிஞ்சிருக்குது! மெதுவாத்தான் ஓடுதுன்னு அவியளுக்குத் தெரிஞ்சிருக்குது! என்ற காதுல கோளாறாமா, கோளாறு!" அவள் முகம் சிவந்துவிட்டது. சின்னப் பெண் மாதிரி குதிக்காத குறை. தேவிப்பிரியாவை இழுத்து வைத்துக்கொண்டு அட்டை அட்டையாகக் காட்டினாள். "இது ஆடி நோம்பிக்குச் சொன்னது. இதா, இது நான் கோவமா இருந்தன்னைக்கு. ஒரு எழுத்து உடாம எழுதி வெச்சிருக்கறாங்க பாரு. எந்த பையருக்கு இப்படி எழுதுனாங்க?" சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. குணா எதுவும் புரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தான். அப்பாவை யாரும் தோற்கடிக்கத் தேவையில்லை. அவரே பதின்மூன்று தடவை கையெழுத்துப் போட்டுத் தோற்றிருக்கிறார். என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிப்போனது.

பதின்மூன்றாவது அட்டையில் வளையம் இல்லை. அது செட்டிலேயே மாட்டியிருந்தது. அதற்கடியில் இன்னொன்று இருந்தது.

சாம்பிள் நெம்பர் பதினாலு. ஆறு எம்எம். பையர்: பொன்னாத்தாள், கணியூர். அதில் ஒரு வளையம் தொங்கியது, புத்தம் புதிதாக, வெள்ளை வெளேரென்று. பையர் கமெண்ட் என்ற இடம் காலியாக இருந்தது. ஸ்டேட்டசும் காலி.

அம்மா தேதியைப் பார்த்தாள். "நான் கணியூர் போயிருந்த வாரம்" என்றாள். அவள் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தாள். சனிக்கிழமை காலை அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே மெஷின் அருகில் உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பாட்டு இல்லை.

அம்மா அந்த வளையத்தை விரலில் மாட்டி, இழுத்து, விட்டு, வெளிச்சத்தில் தையலைப் பார்த்தாள். பழக்கம் விடவில்லை. "ஒண்ணு மேல ஒண்ணு வெக்கல" என்றாள் மெதுவாக. "முட்ட வெச்சுத் தெச்சிருக்காங்க. சன்ன நூல்ல. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

குணா தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணா, அறுக்கட்டுங்களா, வேண்டாமுங்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள், "சித்தெ இருங்க தம்பி. சாம்பிள் வந்திருக்குது. பாக்காம எப்படி?" என்றாள்.

செட்டை நிமிர்த்தி வைத்தோம். பழைய பதின்மூன்றை எடுத்துவிட்டு, பதினாலை நானே மாட்டினேன். இரண்டு தடவை நழுவியது. அந்தப் பாட்டு இருக்கும் ரெக்கார்டை வைத்தேன். போனை எடுத்தபோது அம்மா கையை நீட்டித் தடுத்தாள். "அத அப்பறம் வையி. பையர் சொல்லட்டும்." அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேஜைக்கு முன்னால் நின்றாள், இருபது வருடம் நின்ற அதே மாதிரி, இடது கால் கொஞ்சம் முன்னால்.

புது ஊசி இறங்கியது. வயலின்கள் கிளம்பின. எத்தனை வயலின் என்று எண்ணிவிடலாம் போல இருந்தது. இவ்வளவு பேர் வாசித்திருக்கிறார்கள் என்றே எனக்கு இதுவரை தெரியாது. பிறகு அந்தப் பெண்குரல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'டக்'குக்காகக் காத்திருந்தேன். இதோ இப்போது தடுக்குவார். தடுக்கவில்லை. அடுத்த சுற்று. தடுக்கவில்லை. பாடியவர் எங்கள் செட்டில் இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக, நேராக நடந்து, பல்லவியைத் தாண்டிப் போனார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்பா, அப்பா, புடிச்சிட்டீங்கப்பா என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். தேவிப்பிரியா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அம்மாவின் உதடுகள் அசைந்தன. கூடவே பாடினாள், சத்தம் வராமல். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. பாஸ் பண்ணிவிடு என்று நான் வேண்டிக்கொண்டேன். இந்த ஒரு பீஸை மட்டும் பாஸ் பண்ணிவிடு.

பாட்டு முடிந்தது. அம்மா குனிந்து எழுதினாள். எழுதி முடித்துத்தான் அட்டையைத் திருப்பினாள்.

பையர் கமெண்ட்: நல்லா வந்திருக்குது. துளி மெதுவு.

ஸ்டேட்டஸ்: ரிஜெக்ட்.

"அம்மா!" என்றேன்.

"என்ன அம்மா? மெதுவுன்னா மெதுவுதான். செத்துட்டாங்கன்னு பாஸ் பண்ணுனா உங்கப்பா ஒத்துக்குவாங்களா?"

போனைத் தட்டின் மேல் வைத்தேன். நாலு தலைகள் குனிந்தன. எண் ஏறி இறங்கி நின்றது. முப்பத்திரண்டு புள்ளி ஒன்பது.

குணா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். "நூத்துல ஒரு பங்கு வித்தியாசமுங்க. இத எப்படீங்கம்மா கண்டுபுடிச்சீங்க? எனக்கே தெரியலைங்களே."

அம்மாவுக்கு அந்தச் சொல் இனித்திருக்க வேண்டும். "அந்த ட்ரில்ல எடுத்துப் பையில வெய்யுங்க தம்பி" என்றாள். "ஊசிக்கு என்ன ஆச்சோ வாங்கிக்குங்க. சாப்புட்டுட்டுத்தான் போகோணும். தரணி, அரை இஞ்சு கம்மியா வெட்டு. கொஞ்சம் இறுக்கமா வரட்டும்."

"நானா?"

"பின்ன? அவிய எந்திரிச்சு வரட்டுமா?"

பென்சில் வட்டம் பலகையில் அப்படியே இருந்தது. அதை அழிக்கலாமா என்று குணா கேட்டான். நான் வேண்டாம் என்றேன். புது மோட்டார் மேல் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் கால் தானாகப் படியிறங்கியது. பின்னாலேயே அம்மா வந்தாள், ஒரு படிக்கு ஒரு காலாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை யூனிட் இருட்டாக இருந்தது. எலாஸ்டிக் ரோல்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. மெயின் சுவிட்சைப் போட்டு, அப்பா கடைசியாக உட்கார்ந்திருந்த ஜிக்ஜாக் மெஷினை ஓட விட்டேன். ஊசிக்கு மேல் இருந்த சின்ன பல்பு எரிந்தது. அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, புது அட்டையைத் தொடை மேல் வைத்துக்கொண்டாள். சாம்பிள் நெம்பர் பதினைஞ்சு என்று எழுதினாள். பையர் என்ற இடத்தில் தன் பெயரையும் ஊரையும் எழுதினாள். தைத்தவர் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, கிட்டுசாமி என்று அப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் என் பெயரையும் சேர்த்தாள்.

நான் எலாஸ்டிக்கின் இரண்டு முனையையும் முட்ட வைத்தேன். சேரவில்லை. திரும்ப வைத்தேன். பேனாவின் மூடியைப் போடாமல் அம்மா காத்திருந்தாள்.